தரப்படுத்தல் என்னும் தராசு

இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியின் வரலாற்றில் 229, 250 என்னும் இரண்டு எண்கள் மறக்கவொண்ணாதவை. 1971ஆம் ஆண்டில் மருத்துவத் துறையில் இடம்பெறச் சிங்கள மொழிமூலம் பரீட்சை எழுதியவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூலம் எழுதியவரோ 250 பெறவேண்டியிருந்தது. பொறியியலுக்கு முறையே 227, 250. பரீட்சை ஒன்றே, எழுதிய மொழிதான் வேறு.

தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளிகளை வாரி வழங்கினர் என்றொரு ஐயம் அன்று கிளப்பப்பட்டது. அது மெய்ப்பிக்கப்படவேயில்லை. 1973இல் ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளையும் பொதுவான ஓர் அளவுக்கு மாற்றும் கணக்குமுறை வந்தது. அதுவே ‘தரப்படுத்தல்’.

அக்காலத்தில் கல்வி அமைச்சராயிருந்தவர் அல்ஹாஜ் பதியுத்தீன் மஹ்மூத் என்பதை நம் வாசகர்கள் அறிவர். நம்மவர் என்பதற்காக இதை மறைப்பது நேர்மையன்று. ஓர் அரசின் கொள்கையை ஒரு மனிதரின் தலையில் மட்டும் சுமத்துவதும் நேர்மையன்று.

முஸ்லிம் பிள்ளைகளின் நிலையோ விசித்திரமானது. அவர்களுள் மிகப் பலர் தமிழிலேயே பயின்றனர். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷனரிமார் கல்விக்கூடங்களை நிறுவினர். பின்னர் சைவப் பெருமக்களும் நிறுவினர். விஞ்ஞான ஆய்வுகூடங்களும் தேர்ந்த ஆசிரியர்களும் அங்கே நிறைந்திருந்தமைக்கு அந்த நீண்ட பாரம்பரியமே காரணம். கிழக்கிலங்கையின் நெல்வயலோர ஊர்களுக்கு அந்தப் பேறு ஏது? எனினும் 250 என்னும் வேலி இரு சாராருக்கும் ஒரே உயரத்தில் எழுப்பப்பட்டது. யாழ்ப்பாணத்து மாணவனைக் கருதி உயர்த்திய வேலி, அவனுடைய வசதிகளில் ஒன்றையும் காணாத மட்டக்களப்பு முஸ்லிம் மாணவனையும் தடுத்தது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது காட்சி மாறிற்று. குடித்தொகைக்கேற்ப இடங்கள் பங்கிடப்பட்டன. யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. அம்பாறை, மன்னார் போன்ற மாவட்டங்களுக்குக் கதவு திறந்தது. மொழியைக் கொண்டு அளப்பதைவிட வசதியின்மையைக் கொண்டு அளப்பது நீதிக்கு நெருக்கமானது என்பதே எமது துணிபு. ஆயினும், உயர்ந்த புள்ளிகள் பெற்றும் ஒதுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து இளைஞனின் மனப்புண்ணை இந்த வாதம் ஆற்றாது. அந்தப் புண்ணிலிருந்து பெருகிய கசப்பு, பின்னாளில் நாட்டையே எரித்த தீக்கு எண்ணெயாயிற்று. அத்தீயில் வடக்கு, கிழக்கு முஸ்லிம்களும் வெந்தனர்.

1977இல் ஆட்சி மாறியதும் மொழிவாரிக் கணக்கு கைவிடப்பட்டது. மாவட்டக் கணக்கு நிலைத்தது. 2001 முதல் ‘இசட் புள்ளி’ என்னும் புள்ளியியல் அளவு நடைமுறையிலுள்ளது. இன்று பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. ஆனால் ஒரே மாவட்டத்தினுள், நகரத்துப் பெரிய கல்லூரியின் மாணவனும் ஆய்வுகூடத்தையே காணாத சிற்றூர் வித்தியாலயத்து மாணவியும் இன்றும் ஒரே பட்டியலில்தான் நிற்கின்றனர்.