மல்லாந்து நீந்துவோர் வரலாறு

சங்க மலர் என்றால் மன்னர், கல்வெட்டு, காப்பியம் என்று எழுதுவதே நம் வழக்கம். விளையாட்டுக்கும் வரலாறு உண்டு என்பதால் இம்முறை மல்லாந்த நீச்சலை எடுத்துக்கொண்டேன்.

ஒலிம்பிக்கில் இந்நீச்சல் 1900 பாரிஸிலேயே இடம்பெற்றுவிட்டது. அக்காலத்தில் இரு கைகளையும் சேர்த்தே வீசுவர். 1912 ஸ்டாக்ஹோமில் அமெரிக்கர் ஹாரி ஹெப்னர் கைகளை மாற்றி மாற்றி வீசி 100 மீட்டரில் தங்கம் வென்றார். எதிர்ப்பு எழுந்தது, பிறகு உலகமே அவர் வழிக்கு வந்தது. பெண்களுக்கு 1924இல்தான் வாய்ப்பு. 1988 சியோலில் ஜப்பானின் டைச்சி சுசுகி நீருக்கடியில் வெகுதூரம் சென்று வென்றார். அதன்பின் அதற்கு வரம்பு வந்தது. இன்று அது 15 மீட்டர்.

மற்ற நீச்சல்களில் மேடையிலிருந்து குதிப்பார்கள். இதில் தண்ணீருக்குள்ளிருந்தே புறப்பாடு. போகும் திசை கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடித்தோரணம் கட்டியிருக்கும். அதைக் கண்டதும் கைவீச்சை எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் தலை சுவரில் மோதும், அவ்வளவுதான்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரில் 2001இல் பிறந்தவர் ஸ்ரீஹரி நடராஜ். டோக்கியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் 'ஏ' தகுதி நேரம் 53.85 நொடி. 2021 ஜூனில் ரோம் நகரில், நேரச் சோதனை நீச்சலில் அவர் எடுத்தது 53.77. சோதனை நீச்சல் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. உலக நீச்சல் சம்மேளனம் செல்லும் என்றது. மீதம் 0.08 நொடிதான். நான் தராசு பிடித்த வியாபாரி. முள் ஒரு மயிரிழை சாய்வதன் மதிப்பு எனக்குத் தெரியும். சஜன் பிரகாஷுக்கு அடுத்து, 'ஏ' நேரத்தை எட்டித் தன் உரிமையில் ஒலிம்பிக் சென்ற இரண்டாம் இந்திய நீச்சல் வீரர் இவரே. அதே ஆண்டு அகமதாபாத்தின் மானா பட்டேல், பொதுமை ஒதுக்கீட்டில் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலுக்குச் சென்றார்.

டோக்கியோவில் ஸ்ரீஹரி 54.31 நொடியில் 27ஆம் இடம். அரையிறுதி 16 பேருக்கே. தங்கம் வென்ற ரைலோவ் 51.98. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 50, 100 மீட்டர் இறுதிகளில் முறையே 5, 7ஆம் இடங்கள். 2024 பாரிஸில் 55.01, 33ஆம் இடம்.

"மெடல் இல்லையே, இதுல என்ன வரலாறு?" என்று கேட்பார்கள். வாசக அன்பர்களே, பதக்கம் மட்டும் கணக்கு என்றால் பேரேட்டில் லாபப் பக்கத்தை மட்டும் படித்த மாதிரி ஆகும். முதலீடு எங்கே எழுதுவது? அழைப்பில் செல்வது வேறு, அளவுகோலைத் தாண்டிச் செல்வது வேறு. அந்த வேறுபாடுதான் அந்த 0.08 நொடி. அடுத்து வரும் பிள்ளைக்கு "நம்மால முடியும்" என்ற சான்று அது.

நம் ஹைதராபாத்துக்கும் இதில் பங்குண்டு. 2003 ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுகள் இங்கே நடந்தவைதான். கச்சிபௌலியில் பெரிய நீச்சல் வளாகமே இருக்கிறது. நம் பாட்டன்மார் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றார்கள். இந்நகரத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கிணறு இல்லை, குளம் இருக்கிறது. தேர்வு மதிப்பெண்ணுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணியைத் தண்ணீருக்கும் கொடுப்போமே!