செங்கம் நடுகற்கள்: மாடு மீட்கப் போய் உயிர்விட்டவர்களின் கல் மியூசியத்தில் இருக்கணுமா, வயலிலா?

திருவண்ணாமலைக்கு மேற்கே ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது செங்கம். இங்கே வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் பழைய கற்களை மக்கள் வேடியப்பன் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அவற்றில் பல, பல்லவர் கால ஆவணங்கள்.

நடுகல் என்றால் என்ன?

அன்றைக்கு மாடுதான் பெரிய சொத்து. அடுத்த ஊர் மந்தையை ஓட்டிட்டு வருவதும், பறிகொடுத்தவர்கள் மீட்கப் போவதும் வழக்கமான சண்டை. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. அதில் இறந்த வீரனுக்கு நட்ட கல்தான் நடுகல். மாட்டு மந்தையைக் கல்வெட்டுகள் 'தொறு' என்கின்றன.

நாய்க்கும் இடம்

எடுத்தனூர் நடுகல் ரொம்பப் பிரபலம். முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வயது சுமார் 1,400 ஆண்டுகள். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தியோடு, அவருடைய நாய் 'கோவிவன்' பெயரும் அதில் இருக்கிறது. கள்ளர் இருவரை அந்த நாய் கடித்ததாம். அரசனைப் பாடும் கல்வெட்டுகள் ஏராளம். மாடு மேய்த்தவர் பெயர் இப்படித்தான் மிஞ்சியது.

எங்கே வைத்துக் காப்பது?

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. தர்மபுரியிலும் சென்னை எழும்பூரிலும் உள்ள அருங்காட்சியகங்களில் நடுகற்கள் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே மழை, வெயில், திருட்டு பயம் இல்லை. ஆனால், எந்த மேய்ச்சல் நிலத்துக்காக வீரன் செத்தான் என்பது கல்லோடு வராது. ஊரின் வழிபாடும் நின்றுவிடும். வயலிலேயே விட்டால், எண்ணெயும் பெயிண்டும் எழுத்தை மறைக்கலாம்.

மலைக்கும் இதே கேள்வி

திருவண்ணாமலை அருகே கவுத்திமலை, வேடியப்பன்மலையில் இரும்புத்தாது இருக்கிறது. அதை வெட்டியெடுக்கும் திட்டத்தைச் சுற்றுவட்டார கிராம மக்கள் எதிர்த்தனர். இரும்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-ல் அறிவிக்கப்பட்டது. கல்லையாவது பெயர்த்து மியூசியத்தில் வைக்கலாம். மலையை வைக்க முடியாது.

எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால்?

பெயர்க்க வேண்டாம். பெயிண்ட் அடிக்க வேண்டாம், சிமென்ட் பூச வேண்டாம். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். ஒரு வரி படிக்க முடிந்தாலும், மறந்துபோன ஒரு பெயர் திரும்பக் கிடைக்கும்.