மூன்று வருஷக் கெடு

எங்கள் அடுத்த வீட்டு வக்கீலின் பெண் ஸ்பானிய மொழி படிக்கிறாள். பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். மேல்படிப்புக்கு மாட்ரிட் நகரத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை. மாலை வேளையில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு உரத்த குரலில் பாடம் சொல்லுவாள். நான் எழுதிக்கொண்டிருக்கும் அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. ஆகவே என் கதாநாயகி கண்ணீர் வடிக்கும் கட்டத்தில்கூட, "சர்க்கரை எங்கே இருக்கிறது? எண்ணெய் என்ன விலை?" என்ற பொருளில் ஏதோ ஒரு அந்நிய மொழி காற்றில் வந்து விழுந்துகொண்டேயிருக்கும்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஏனம்மா, ஒரு மொழி வருவதற்கு எத்தனை நாளாகும்?"

அவள் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். மொத்தம் ஆறு படிகளாம். முதற்படியில் பெயர் சொல்லவும் விலை கேட்கவும் வரும். இரண்டாவதில் கடை கண்ணிக்குப் போய் வரலாம். மூன்றாவதில் ஊர் சுற்றலாம். நான்காவதில் பத்திரிகை படித்து வாதம் செய்யலாம். ஐந்தாவதில் கல்லூரியில் உட்காரலாம். ஆறாவது படியை எட்டிவிட்டால், ஏறக்குறைய எதையும் சுலபமாகப் புரிந்துகொண்டு சரளமாகப் பேசலாம். பாஷை மட்டுமல்ல, அவர்களுடைய பண்டிகை, சாப்பாடு, பாட்டு, கூத்து எல்லாமே பாடத்தில் சேர்த்தியாம்.

"மூணு வருஷத்துல முடிச்சுடுவேன் மாமா" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. அந்த மூன்று வருஷக் கணக்கை நான் வேறோர் இடத்தில் படித்திருந்தேன். அதே ஸ்பெயின் தேசம், அதே மொழி. அதையும் படித்து முடிக்க மூன்று வருஷந்தான் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அல்ல, அரசர்.

அந்தக் கதையை 1492-ஆம் வருஷத்திலிருந்து தொடங்கவேண்டும். கொலம்பஸ் கப்பலேறிய வருஷம் என்று நாம் எல்லாரும் பள்ளியில் உருப்போட்ட வருஷம் அது. ஆனால் அவ்வாண்டில் வேறு காரியங்களும் நடந்தன. ஜனவரி 2-ஆம் தேதி, ஸ்பெயினில் எஞ்சியிருந்த கடைசி முஸ்லிம் ராஜ்யமான கிரனாடா, இசபெல்லா ராணியிடமும் அவள் கணவர் பெர்டினாந்திடமும் சரணடைந்தது. மார்ச்சு மாதக் கடைசியில், மதம் மாறாத யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஆகஸ்டு மாதம் 3-ஆம் தேதி கொலம்பஸ் புறப்பட்டார். அதே மாதம் 18-ஆம் தேதி, சலமாங்கா நகரத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. அதை எழுதியவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்ற லத்தீன் பண்டிதர். புத்தகம், காஸ்தீலிய மொழிக்கு, அதாவது இன்று நாம் ஸ்பானிஷ் என்கிறோமே அந்த மொழிக்கு, ஓர் இலக்கணம்.

தொல்காப்பியம் கண்ட நமக்கு ஓர் இலக்கண நூல் வெளிவருவது பெரிய அதிசயமாகத் தோன்றாது. ஆனால் அன்றைய ஐரோப்பாவில், இலக்கணம் என்றாலே லத்தீன் இலக்கணந்தான். அடுப்பங்கரையிலும் சந்தையிலும் பேசுகிற பாஷைக்கு இலக்கணம் எதற்கு? இசபெல்லா ராணிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. நூலின் மாதிரியைக் காட்டியபோது, இதனால் என்ன பிரயோஜனம் என்று அவள் கேட்டாளாம். நெப்ரிஹா வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்த ஆவிலா நகரத்து பிஷப் பதில் சொல்லிவிட்டார். ராணி இன்னும் பல தேசத்து மக்களைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவருவாள். தோற்றவர்கள் வென்றவரின் சட்டத்தையும் அதோடு மொழியையும் ஏற்கவேண்டிவரும். அப்போது இந்த நூல் பயன்படும் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை நெப்ரிஹாவே தம் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். சாம்ராஜ்யத்துக்கு மொழி கூடவே நடக்கும் துணை என்ற கருத்தும் அந்த முன்னுரையில்தான் இருக்கிறது.

நூலில் ஐந்து பகுதிகள். முதல் நான்கும் தாய்மொழிக்காரர்களுக்கு. ஐந்தாவது பகுதி, பிற மொழிக்காரர் காஸ்தீலியம் கற்றுக்கொள்வதற்காகவே எழுதப்பட்டது. அடுத்த வீட்டுப் பெண்ணின் கையிலிருக்கும் முதற்படிப் பாடப் புத்தகத்துக்குப் பாட்டனுக்குப் பாட்டன் என்று அந்த ஐந்தாம் பகுதியைச் சொல்லலாம்.

ராணிக்குப் பதில் சொன்னாரே, அந்த பிஷப்பின் பெயர் எர்னாந்தோ தெ தலவேரா. ராணியின் ஞானகுரு. கிரனாடா கைக்கு வந்ததும், அந்த நகரத்தின் முதல் ஆர்ச்பிஷப்பாக அவரையே அனுப்பினார்கள். தோற்றவர்களுக்கு வென்றவன் மொழியைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? கையிலே இலக்கணப் புத்தகம். எதிரே ஒரு நகரம் முழுவதும் அரபு பேசும் ஜனங்கள்.

ஆனால் அங்கே போன கிழவர் செய்தது நேர்மாறான காரியம். ஜனங்களைக் காஸ்தீலியம் படிக்கச் சொல்லுவதற்கு முன்னால், தம்முடைய பாதிரிமார்களை அரபு படிக்கச் சொன்னார். தாமும் அந்த வயதில் அரபு எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தார். அவர் தூண்டுதலின் பேரில் பெத்ரோ தெ அல்காலா என்ற துறவி, அரபு மொழியை எளிதில் கற்பதற்கு ஓர் இலக்கணமும் ஓர் அகராதியும் இயற்றினார். 1505-இல் கிரனாடாவிலேயே அவை அச்சாயின. அந்த அகராதியின் சொல் வரிசைக்கு அடிப்படையாக இருந்தது எது தெரியுமோ? அதே நெப்ரிஹா தொகுத்த ஸ்பானிய-லத்தீன் அகராதி! இன்னொரு விசேஷம்: அல்காலா ஏட்டு அரபை விட்டுவிட்டுத் தெருவிலும் வீட்டிலும் கிரனாடா மக்கள் பேசிய அரபை எழுதி வைத்தார். மறைந்துபோன அந்தப் பேச்சு எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்கு அவருடைய புத்தகமே முக்கியமான காரணம்.

தலவேராவைக் கிரனாடா முஸ்லிம்கள் தங்கள் மத அறிஞரைக் குறிக்கும் சொல்லாலேயே, புனிதமான 'அல்ஃபகீ' என்று அழைத்தார்களாம். வென்றவர்களின் குருவுக்குத் தோற்றவர்கள் கொடுத்த பட்டம்!

இந்த நிதானம் அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. 1499-இல் சிஸ்நேரோஸ் என்ற மற்றோர் ஆர்ச்பிஷப் வந்து சேர்ந்தார். அவருக்கு அவசரம். கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. அரபுப் புத்தகங்கள் பொது இடத்தில் குவிக்கப்பட்டு எரிந்தன. வைத்திய நூல்களை மாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கலகம் வெடித்தது. கலகம் செய்தவர்கள் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று சொல்லி, சரணடைந்தபோது கொடுத்த வாக்குறுதிகளைக் காற்றில் விட்டார்கள். மதம் மாற்றப்பட்ட அந்த மக்களுக்கு 'மோரிஸ்கோ' என்று பெயர் வந்தது. தலவேராவின் குடும்பத்தார்மீதே மத விசாரணைக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். அந்த மனவேதனையோடு 1507-இல் கிழவர் கண்ணை மூடினார்.

அவரிடம் சிறு வயதில் ஏவலாளாக இருந்த ஒரு மோரிஸ்கோப் பையனை இங்கே வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அவன் பெயர் பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே.

வருஷங்கள் ஓடின. 1526-இல் சார்லஸ் சக்கரவர்த்தி, அரபு மொழியும் பழைய உடையும் கூடாது என்று உத்தரவு போட்டார். மோரிஸ்கோக்கள் பெருந்தொகை ஒன்றைக் கட்டி, அந்த உத்தரவை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். பணம் நாற்பது வருஷம் பாதுகாத்தது. சார்லஸின் மகன் இரண்டாம் பிலிப் காலத்தில் அதுவும் போயிற்று. 1567 ஜனவரி முதல் தேதி, கிரனாடா வீதிகளில் புதிய சட்டம் பறையறைந்து அறிவிக்கப்பட்டது.

மூன்று வருஷத்துக்குள் எல்லோரும் காஸ்தீலியம் கற்றுக்கொண்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு வெளியிலோ வீட்டுக்குள்ளேயோ அரபில் பேசக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. அரபில் எழுதிய பத்திரங்கள் செல்லா. வைத்திருக்கும் அரபுப் புத்தகங்களை முப்பது நாளில் கொண்டுவந்து காட்டவேண்டும். பெண்கள் முகத்தை மூடக் கூடாது. பழைய பெயர்கள் கூடாது. குளியல் கூடங்களை இடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும்!

பாஷையும் பண்பாடும் சேர்ந்த பாடத்திட்டம் என்று இதையுந்தான் சொல்லவேண்டும். ஆறு படிகள் இல்லை, ஒரே படி. தவறினால் சிறையும் நாடு கடத்தலும்.

அப்போது ஒரு கிழவர் எழுந்து நின்றார். தலவேராவின் பின்னால் ஓடித் திரிந்த அந்தப் பையன்தான். இப்போது பல் விழுந்து தலை நரைத்த நூனியெஸ் முலே. கிரனாடா உயர்நீதி மன்றத்தின் தலைவரிடம் நீண்டதொரு விண்ணப்பம் கொடுத்தார். அதில் ஆவேசம் கிடையாது. பழுத்த வக்கீலின் நிதானத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்து, காஸ்தீலியச் சொல் காதில் விழாமலே முதுமை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷம் என்ன, மிச்சமுள்ள ஆயுள் முழுவதும் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு வருமா? மொழிக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம்? மால்டாத் தீவில் கிறிஸ்தவர்கள் அரபுதானே பேசுகிறார்கள்? கிழக்கு நாடுகளில் அரபிலே ஜபம் செய்யும் கிறிஸ்தவர்கள் இல்லையா? பழைய ஆர்ச்பிஷப் எங்கள் இசையைக் கோவில் விழாவில்கூட அனுமதித்தாரே. அவருக்குத் தெரியாத மத தர்மமா? இந்த ரீதியில் போகிறது விண்ணப்பம்.

நாலைந்து நூற்றாண்டுக்குப் பிறகு இதைப் படிக்கும்போது, எனக்கு ஒன்று தோன்றியது. கிழவர் காஸ்தீலியத்தை வெறுத்தவர் அல்ல. அந்த விண்ணப்பத்தை அவர் எழுதியதே காஸ்தீலியத்தில்தான். அந்த மொழியை நன்றாகக் கற்றிருந்ததனால்தான், அதைக் கற்க முடியாத ஏழைகளுக்காக வாதாட அவரால் முடிந்தது.

விண்ணப்பம் பலிக்கவில்லை. 1568 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அல்புஹாரா மலைப் பிரதேசத்தில் கலகம் மூண்டது. கெடு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. படிக்க வேண்டியவர்கள் ஆயுதத்தோடு மலையேறிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கொடுமைகள் நடந்தன. கலகம் அடங்கிய பிறகு, எண்பதாயிரம் பேர் வரையில் கிரனாடாவிலிருந்து பிடுங்கப்பட்டுக் குளிர்காலத்தில் வடக்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலேயே மாண்டவர்கள் அநேகம். கடைசியில் 1609-லிருந்து 1614-க்குள், ஸ்பெயின் முழுவதிலுமுள்ள மோரிஸ்கோக்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள்.

அதற்குள் அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானியந்தான் தாய்மொழி ஆகிவிட்டிருந்தது. பரீட்சையில் தேறியவர்களையும் வெளியேற்றிவிட்டார்கள்! துனிசியாவில் போய்க் குடியேறியவர்கள் தங்கள் மத நூல்களைக்கூட ஸ்பானியத்தில் எழுதினார்கள். அவர்களுக்கு அரபு போதாது. அங்கே ஒருவர் எழுதி வைத்த ஏட்டில், லோபே தெ வேகா என்ற ஸ்பானியக் கவியின் பாடல்கள் இருக்கின்றன. தெஸ்தூர் என்ற ஊரில் நூறு வருஷத்துக்குப் பின்னும் ஸ்பானியம் பேசுவோர் இருந்ததாக, அங்கு போன ஒரு ஸ்பானியப் பாதிரியார் எழுதியிருக்கிறார்.

ஸ்பானிய அரசாங்கம் 1991-இல் உலகெங்கும் தன் மொழியைப் போதிக்க ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்கு நாவலாசிரியர் செர்வாந்தெஸின் பெயரை வைத்தது. புது டில்லியில்கூட அதற்கு ஒரு கிளை இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். ஏனென்றால், செர்வாந்தெஸ் 1605-இல் வெளியிட்ட 'டான் குயிக்ஸாட்' கதையில் ஒரு வேடிக்கை வருகிறது. கதை பாதியில் அறுந்துபோகிறது. மிச்சக் கதை தொலேதோ நகரத்துக் கடைத்தெருவில், அரபு எழுத்தில், பழைய காகிதக் கட்டாகக் கிடைக்கிறது. அதை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பவன் ஒரு மோரிஸ்கோ. கூலி, உலர்ந்த திராட்சையும் கோதுமையும். ஒன்றரை மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறான். ஸ்பானிய மொழியின் தலைசிறந்த நாவலே ஒரு மோரிஸ்கோவின் மொழிபெயர்ப்பு என்று அதன் ஆசிரியரே கற்பனை செய்கிறார்! 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாடு கடத்தப்பட்ட ரிகோத்தே என்ற மோரிஸ்கோ மாறுவேஷத்தில் திரும்பி வந்து, பழைய அண்டை வீட்டுக்காரனிடம் தன் துயரத்தைச் சொல்கிறான். அரபு கலக்காமல், சுத்தமான காஸ்தீலியத்தில் அவன் பேசினான் என்று செர்வாந்தெஸ் மறக்காமல் குறிப்பிடுகிறார். அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் கைதியாகக் கிடந்த மனிதர், முஸ்லிம்கள்மீது கோபப்படக் காரணம் உள்ளவர், அப்படி எழுதினார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது, அடுத்த வீட்டுப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"அப்போ நான் இதைப் படிக்கிறது தப்பா மாமா?"

"நன்றாய்ப் படி அம்மா. மொழிமேல் என்ன தப்பு? நேற்று உரக்கச் சொன்னாயே, 'அசூகார்', 'அஸேய்த்தே' என்று, சர்க்கரையும் எண்ணெயும். அவை இரண்டும் அரபுச் சொற்கள். தலையணைக்குச் சொன்ன 'அல்மொஹாதா' அரபு. கடவுள் கிருபையால் அப்படி நடக்கட்டும் என்று ஆசைப்பட்டு அவர்கள் சொல்லும் 'ஒஹாலா'வில் அல்லாவின் பெயரே ஒளிந்திருக்கிறது. ஆரஞ்சுப் பழத்துக்கு 'நரான்ஹா' என்கிறார்களே, அது அரபும் பாரசீகமும் கடந்து போன சொல். நம்முடைய நாரத்தையோடு உறவுள்ளது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். அந்த மூன்று வருஷச் சட்டத்தால் ஆட்களை விரட்ட முடிந்தது. ஸ்பானியர்களின் வாயிலிருந்து இந்தச் சொற்களை விரட்ட முடியவில்லை."

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்:

"விண்ணப்பம் எழுதினாரே, அந்தத் தாத்தா பேரு என்ன சொன்னீங்க மாமா?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.