சட்டகமும் வரிசை எண்ணும்: அமெரிக்கப் படைக் கைத்துப்பாக்கிகளில் செப்பனிடலும் மாற்றீடும்

ஆய்வுச் சுருக்கம்

கைத்துப்பாக்கியின் உறுப்புகளுள் சட்டகம் தனிநிலை உடையது. ஏனைய உறுப்புகள் தேய்ந்தால் அவற்றை மாற்றுவதில் சிக்கல் எழுவதில்லை. சட்டகம் சிதைந்தால் மட்டும் அதனைச் செப்பனிடுவதா, விலக்குவதா என்னும் வினா எழுகிறது. அமெரிக்கப் படையின் எம்1911 கைத்துப்பாக்கியை முதன்மைச் சான்றாகக் கொண்ட இக்கட்டுரை, உலோகத்தின் தன்மையோடு உற்பத்தி முறை, பதிவேடு, சட்டம் ஆகியனவும் இம்முடிவை வரையறுத்தன என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: சட்டகம், எம்1911, மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகள், படைக்கலச் சாலை, வரிசை எண்.

முன்னுரை

தானியங்கு கைத்துப்பாக்கியில் விசை, சுத்தி, தோட்டாப் பெட்டி ஆகிய அனைத்தையும் தாங்கும் உடற்பகுதியே சட்டகம். அதன் மேல்விளிம்பில் உள்ள தண்டவாளம் போன்ற வரைகளின் மீதுதான் ஸ்லைடு முன்பின்னாக ஓடுகிறது. ஒவ்வொரு வேட்டின் அதிர்வையும் இறுதியில் ஏற்பது சட்டகமே. படையின் பதிவேட்டில் இடம்பெறும் வரிசை எண்ணும் அதன்மீதே பொறிக்கப்படுகிறது. இவ்வாறு ஒரே உறுப்பு சுமைதாங்கியாகவும் அடையாளச் சான்றாகவும் அமைந்ததே இங்கு ஆராயப்படும் சிக்கலின் தோற்றுவாய்.

1. மாற்றீடு இயலுமான வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டுவரை துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் கைவினைஞரின் அரத்தால் அத்துப்பாக்கிக்கென்றே இழைக்கப்பட்டது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. ஆகவே உடைந்ததைச் செப்பனிடுவதே இயல்பான வழியாக இருந்தது. பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க துப்பாக்கிப் பொறியுறுப்புகளைச் செய்து காட்டியதை, அங்குத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1785இல் தம் நாட்டிற்கு எழுதித் தெரிவித்தார்.

1813இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த சிமியோன் நார்த், அமெரிக்க அரசுக்கு 20,000 கைத்துப்பாக்கிகள் செய்து தர ஒப்பந்தம் செய்தார். அவற்றுள் எந்த ஒன்றின் உறுப்பும் வேறெந்த ஒன்றிலும் பொருந்த வேண்டும் என்பது அதன் விதி. அக்காலக் கைத்துப்பாக்கி மரக்கட்டையில் குழலும் பொறியும் பொருத்தப்பட்ட ஒன்று. இன்றைய பொருளில் அதற்குச் சட்டகம் இல்லை. சாமுவேல் கோல்ட்டின் சுழல்துப்பாக்கிகள் பரவிய பின்னரே உலோகச் சட்டகம் படைக் கைத்துப்பாக்கியின் மைய உறுப்பாயிற்று. எந்திர உற்பத்தியின் தருக்கப்படி அதுவும் மாற்றத்தக்க உறுப்புகளுள் ஒன்றே. நடைமுறை அத்தருக்கத்தை முழுமையாகப் பின்பற்றவில்லை.

2. எம்1911 சட்டகமும் அதன் சிதைவுகளும்

ஜான் பிரவுனிங் வடிவமைத்த 0.45 அங்குலக் கைத்துப்பாக்கி 6,000 வேட்டுச் சோதனையைக் கடந்து 1911 மார்ச் 29இல் படையால் ஏற்கப்பட்டது. அதன் எஃகுச் சட்டகத்தில் தோன்றும் சிதைவுகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. இடப்புறத்தில் உள்ள சிறு குழாய், சட்டகத்தில் அடித்து இறுக்கப்பட்டது. அது தளர்ந்தால் மீண்டும் இறுக்கலாம். தேய்ந்த வரைகளைத் தட்டி நெருக்கி ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைப்பது, போட்டித் துப்பாக்கிகளைச் சீரமைத்தோர் அறிந்த முறையாகும். துருவால் ஏற்பட்ட குழிகள் ஆழமற்றவையாயின் தேய்த்து மேற்பூச்சிட்டால் போதும்.

விரிசல் இவற்றினின்று வேறுபட்டது. ஸ்லைடை நிறுத்தும் கொண்டிக்காக வெட்டப்பட்ட இடத்திற்கு மேலே வரை மிக மெல்லியதாக இருந்தது. நெடுநாள் பயன்பாட்டில் அங்கு விரிசல் தோன்றுவது வழக்கம். அவ்விடம் சுமை தாங்குவதில்லை என்பதால், பிற்காலத்தில் கோல்ட் நிறுவனம் அம்மெல்லிய பகுதியையே வெட்டி நீக்கிவிட்டுச் சட்டகங்களைச் செய்தது. வேட்டின் விசை நேரடியாகத் தாக்கும் இடத்திலோ, வரையின் அடிப்பகுதியிலோ தோன்றும் விரிசலுக்கு இத்தகைய எளிய தீர்வு இல்லை. பற்றவைப்பின் வெப்பம் சுற்றியுள்ள எஃகின் பதத்தை மாற்றும், அளவுகளும் திரியும். பார்வைக்குச் சரியாகத் தோன்றும் அத்தகைய செப்பனிடலின் இடர், துப்பாக்கியைக் கையில் ஏந்துபவரையே சேரும். விரிசலின் நீளத்தைக் காட்டிலும் அது அமைந்த இடமே முடிவை வரையறுத்தது எனலாம்.

3. போரும் மீள்கட்டமைப்பும்

இரண்டாம் உலகப் போரில் கோல்ட், இத்தாக்கா ஆகிய துப்பாக்கி நிறுவனங்களோடு, தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட், இருப்புப்பாதைச் சமிக்ஞைகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஆகியனவும் எம்1911ஏ1 வகையைச் செய்தன. தையல் எந்திரம் செய்த சிங்கர் 500 மட்டும் செய்தது. 1945க்குப் பிறகு படை இவ்வகையில் புதியன வாங்கவில்லை. 1985இல் பெரெட்டா நிறுவனத்தின் எம்9 தேர்வு செய்யப்படும்வரை, நாற்பது ஆண்டுகள் இருப்பில் இருந்தவற்றைக் கொண்டே காலம் கழிந்தது.

ராக் ஐலண்ட், அகஸ்டா முதலிய படைக்கலச் சாலைகளில் துப்பாக்கிகள் முற்றிலும் பிரிக்கப்பட்டு, உறுப்புகள் தரம் பார்க்கப்பட்டு, மீண்டும் கோக்கப்பட்டன. எந்த ஸ்லைடு எந்தச் சட்டகத்திற்கு உரியது என்பது பொருட்படுத்தப்படவில்லை. இதனால் ஒரு நிறுவனத்தின் சட்டகமும் மற்றொன்றின் ஸ்லைடும் வேறொன்றின் குழலும் இணைந்த துப்பாக்கிகள் பெருகின. எண் அழிந்தோ, வேறொன்றின் எண்ணோடு ஒத்தோ இருந்த சட்டகங்களுக்கு எக்ஸ் எழுத்துடன் தொடங்கும் புதிய எண் இடப்பட்டது. பதிவேட்டைப் பொறுத்தவரை சட்டகமே துப்பாக்கி. ஏனையவை அதனுடன் வந்து சேர்ந்தவை.

4. குவாண்டிகோ பட்டறையின் சான்று

எம்9 வந்த பின்னரும் மரைன் படையின் சிறப்புப் பிரிவுகள் 0.45 துப்பாக்கியையே விரும்பின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வர்ஜீனியா மாநிலத்தின் குவாண்டிகோவில் உள்ள படைப் பட்டறை, கிடங்குகளில் இருந்த பழைய எம்1911ஏ1 துப்பாக்கிகளிலிருந்து நல்ல சட்டகங்களைத் தேர்ந்தெடுத்தது. குழல், ஸ்லைடு முதலியன வணிக நிறுவனங்களிடமிருந்து புதிதாக வாங்கப்பட்டுக் கையால் பொருத்தப்பட்டன. அவை தேய்ந்தபோது மீண்டும் மாற்றப்பட்டன. சட்டகம் மட்டும் தொடர்ந்தது.

இங்குச் செப்பனிடல், மாற்றீடு என்னும் இருமை தலைகீழாகிறது. சட்டகத்தைக் காக்கும்பொருட்டு ஏனைய அனைத்தும் மாற்றப்பட்டன. ஆயினும் பழைய சட்டகங்கள் எண்ணிக்கையில் வரம்புடையவை. ஒன்றை விலக்கினால் அவ்விடத்தை நிரப்ப மற்றொரு பழைய சட்டகம் வேண்டும். 2012இல் 12,000 துப்பாக்கிகள்வரை வழங்கும் ஒப்பந்தம் கோல்ட் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டபோதுதான், போர்க்காலச் சட்டகங்களை நம்பியிருந்த இம்முறைக்கு மாற்று அமைந்தது.

5. சட்டமும் பிளவுண்ட சட்டகமும்

படைக்கு வெளியே இவ்வினா சட்ட வடிவம் பெற்றது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், சட்டகத்தையும் துப்பாக்கி என்னும் சொல்லின் வரையறைக்குள் சேர்த்தது. குழலை மாற்றுவது உறுப்பை மாற்றுவது. சட்டகத்தை மாற்றுவது சட்டத்தின் பார்வையில் வேறொரு துப்பாக்கியைப் பெறுவது. எனவே செப்பனிடுவோர் எஃகின் பதத்தோடு எண்ணின் தெளிவையும் காக்க வேண்டியவராயினர்.

பிற்கால வடிவமைப்புகள் இவ்விரு கடமைகளையும் பிரித்தன. 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற கிளாக் துப்பாக்கியின் சட்டகம் நெகிழியால் ஆனது. அதில் பதிக்கப்பட்ட உலோகத் தகட்டில் எண் இடம்பெற்றது. நெகிழி பிளந்தால் எஃகைப் போலப் பற்றவைக்க வழியில்லை. 2017இல் அமெரிக்கப் படை தேர்ந்தெடுத்த சிக் சாவர் எம்17இல், விசைப்பொறியைத் தாங்கும் எஃகுப் பகுதியே எண்ணைச் சுமக்கிறது. கைப்பிடியாக அமைந்த நெகிழிப் பகுதி எண்ணற்ற உதிரியுறுப்பு. கைக்குள் அடங்கும் பகுதி சிதைந்தால் இனிப் பதிவேட்டைத் தொடாமலே அதனை மாற்றலாம்.

முடிவுரை

சிதைந்த சட்டகத்தைப் பற்றிய முடிவு மூன்று காரணிகளால் அமைந்தது: சிதைவு சுமைதாங்கும் இடத்தில் உள்ளதா, மாற்றுச் சட்டகம் கிடைக்குமா, எண்ணின் தொடர்ச்சி காக்கப்பட வேண்டுமா. எம்1911 வரலாற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதற்கு இணையான செல்வாக்குப் பெற்றிருந்தன.

இது பொருட்சான்றுகளைக் கையாளும் ஆய்வாளருக்கும் உரிய எச்சரிக்கை. அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு துப்பாக்கியின் எண் 1918ஐச் சுட்டினால், அவ்வாண்டைச் சேர்ந்தது சட்டகம் என்று மட்டுமே கூற இயலும். விசைக்குப் பின்புறம் பிறை வடிவ வெட்டு உள்ளதா, ஸ்லைடில் யாருடைய முத்திரை உள்ளது, மீள்கட்டமைத்த சாலையின் குறியீடு எது என்பவற்றை ஒப்பிட்ட பின்னரே முழுப் பொருளின் காலத்தை வரையறுக்க வேண்டும். எண் ஒன்றாக நிலைத்திருக்க, அதனைச் சூழ்ந்த பொருள் பலமுறை மாறியிருக்கக்கூடும்.