பேற்றைத் தூண்டும் மருந்துகள்

பெங்களூரில் குடியேறி வாழும் நாம், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை இன்னும் விடவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் வளையலும் பலகாரமுமாக அவளை ரயிலேற்றுகிறோம். இரத்த அழுத்தம் குறித்த சீட்டை மட்டும் மறந்துவிடுகிறோம். அச்சீட்டின் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு.

கருவுற்ற இருபது வாரங்களுக்குப் பின் பெண்டிர் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரதம் காணும். இது முற்றினால் வலிப்பு வரும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. வலிப்பை அடக்க மருந்து உண்டு. நோய் தீரும் வழியோ பேறு ஒன்றே. ஆகவே, உரிய வேளையில் பேற்றைத் தூண்டுவது எவ்வாறு என்பது மருத்துவருக்குப் பெரும் வினாவாயிற்று.

தானியக் கதிரில் பற்றும் எர்காட் என்னும் பூஞ்சணத்தின் ஆற்றலை 1808-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டர்ன்ஸ் எழுதினார். ஆனால் அதன் வேகம் அளவுக்கு அடங்கவில்லை. கருப்பை இறுகிக் குழந்தைகள் மாண்டன. பேற்றுக்கு முன் அதனை வழங்கலாகாது என 1824-இல் டேவிட் ஹோசக் எச்சரித்தார். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குவதை 1906-இல் ஹென்றி டேல் கண்டார். அதிலுள்ள ஆக்சிடோசினைச் செயற்கையாக ஆக்கிய டு விக்னோ 1955-இல் நோபல் பரிசு பெற்றார். 1968-இல் கம்பாலா நகரில் சுல்தான் கரீம் புராஸ்டாகிளாண்டினைப் பயன்படுத்திப் பேற்றைத் தூண்டினார். அவ்வினத்தைச் சேர்ந்த மிசோபிராஸ்டால், வயிற்றுப்புண்ணுக்கென ஆக்கப்பட்ட மலிவான மாத்திரை.

எது மேல்? ஒப்பிட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. சென்னையில் பணிபுரிந்த கிருஷ்ண மேனன் 1961-இல் எழுதிய கலவை மருந்து முறை, வலிப்பை அடக்க நம் நாட்டில் புகழ்பெற்றிருந்தது. பின்னர் நடந்த ஒப்பீடுகளில் மக்னீசியம் சல்பேட்டே சிறந்ததெனத் தெரிந்ததும் அது வழிவிட்டது. நம்மவர் கண்டதென்னும் பெருமை நோயாளியைக் காக்காது.

பேற்றைத் தூண்டுவதிலும் அத்தகைய ஒப்பீடு நாகபுரியில் நடந்தது. 2013 முதல் 2015 வரை, இரத்த அழுத்தம் மிகுந்த 602 கர்ப்பிணிகளில் ஒரு பாதியினருக்கு 25 மைக்ரோகிராம் மிசோபிராஸ்டால் இரண்டு மணிக்கொருமுறை வாய்வழி தரப்பட்டது. மறுபாதியினருக்குக் கருப்பை வாயை விரிக்கும் ஃபோலி குழாய் பொருத்தப்பட்டது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இயல்பாகப் பெற்றோர் மாத்திரையால் நூற்றுக்கு 57, குழாயால் 47.

எனினும் ஓர் எச்சரிக்கை. வயிற்றுப்புண்ணுக்குரிய மாத்திரை 200 மைக்ரோகிராம். பேற்றுக்குரியது அதில் எட்டில் ஒரு பங்கே. அளவு மிஞ்சினால் கருப்பை கிழியக்கூடும். முன்பு அறுவையால் பெற்றவருக்கு அபாயம் இன்னும் அதிகம். எனவே மருத்துவமனைக் கண்காணிப்பின்றி இதைத் தொடலாகாது.

தூண்டும் வேளையை மருத்துவருக்கு உணர்த்துவது அழுத்தக் கணக்கே. பெங்களூர் வாணி விலாசத்தில் எழுதிய கணக்கு, சேலத்து மருத்துவரின் கைக்கு எட்டாவிடில் அவர் புதிதாகவே தொடங்க வேண்டும். நோயோ அதுவரை காத்திராது. அடுத்த முறை ரயிலேற்றும்போது, வளையலுக்கு முன் அச்சீட்டைப் பெட்டியில் வைப்போம்.