தர்மத்தின் மொழி: மானிப்பாயில் தமிழுக்கு வந்த மருத்துவம்

அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்று சொல்கிற வழக்கம் நம்ம ஊர்களில் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. வரிப்பணத்தில் நடக்கிற ஒன்று எப்படித் 'தர்மம்' ஆனது? யாரோ கொடுக்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம் என்கிற உறவு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிறவன் கும்பிடலாம், கணக்குக் கேட்க முடியாது. ஏழைகளுக்கான மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கொடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருப்பதும் இதனால்தான். எத்தனை கட்டில், எத்தனை நோயாளி என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. மருந்தோடு சேர்ந்து மருத்துவ அறிவும் கைமாறியதா என்பது மட்டும் கேட்கப்படாமலே போகிறது. இந்தக் கேள்வியோடு 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அடுத்த ஆண்டே மாணவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். 1857இல் அமெரிக்கா திரும்பி, 1862இல் மறுபடி வந்து, 1873 வரை இருந்தார். 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர். 1864இலிருந்து பாடம் தமிழில் நடந்தது. அதற்காகவே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 'பிரசவ வைத்தியம்' 1857, 'இரண வைத்தியம்' 1867, 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' இரண்டும் 1872, 'கெமிஸ்தம்' 1875. எல்லாம் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். நம் தமிழ்ப் பேராசிரியர்கள் இதை 'அறிவியல் தமிழின் முன்னோடி' என்று மாலை போட்டு நிறுத்திவிடுகிறார்கள். மாலையை விலக்கிவிட்டுப் பார்க்கணும்.

ஏன் தமிழ்? தமிழ்மேல் கொண்ட காதல் என்று சொல்வது சுலபம். கிறீனின் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் படித்த மாணவன் சம்பளம் தேடி அரசு வேலைக்கும் பட்டணத்துக்கும் போய்விடுகிறான். தமிழில் படித்தவன் கிராமத்தில் தங்குவான் என்பதே அது. இந்தக் கணக்கு அவருடையது மட்டுமல்ல. 1855இல் அமெரிக்க மிஷன் சபையின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆங்கிலக் கல்விக்குப் பேர்போன வட்டுக்கோட்டை செமினரி அந்த ஆண்டே மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு நிற்கவில்லை என்பது சபையின் குறை. ஆக, தாய்மொழிக் கல்வி என்பது இங்கே ஒருபக்கம் அறிவைத் திறந்துவிடும் சாவி, மறுபக்கம் ஆளை ஊரோடு கட்டிப்போடும் கயிறு. இரண்டும் ஒரே கையில் இருந்தன. அறிவைப் பெறுபவன் அதை எடுத்துக்கொண்டு எங்கே போகலாம் என்பதையும் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். இதுதான் தர்மத்தின் அதிகாரம்.

இந்த அதிகாரம் பெயரிலும் பதிந்தது. மிஷன் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளர் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். கிறீனோடு மொழிபெயர்ப்பில் உழைத்த தமிழர்களில் டான்ஃபோர்த், சாப்மன் என்ற பெயர்களைப் பார்க்கிறோம். இத்தனைக்கும், மதம் மாறியவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக் கிறீன் விரும்பியவர் அல்லர். உடை தமிழாக இருக்கலாம், மொழி தமிழாக இருக்கலாம். பெயர் மட்டும் கடலுக்கு அப்பால். புத்தகம் யார் பெயரில் நின்றது? 'கிறீனின் மொழிபெயர்ப்புகள்' என்கிறோம். அந்த வாக்கியங்களைத் தமிழாக்க ராப்பகலாக உட்கார்ந்தவர்கள் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை.

இன்னொன்று, சாதி. வட்டுக்கோட்டையில் படித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளாளர். மிஷன் கல்வியில் ஏறி வந்தவர்களின் சமூக அடித்தளம் அதுதான். 'கிராமத்து மருத்துவர்' என்கிறபோது எந்தக் கிராமம், கிராமத்தில் எந்தத் தெரு என்று கேட்காமல் நகர முடியாது. நாடி பிடிக்கணும் என்றால் தொடணும். தீண்டாமை நிலவிய சமூகத்தில் எந்த வாசல்வரை அந்தக் கை போயிருக்கும் என்பது 'ஏழை' என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த நூல்களைத் தூக்கிப் போட்டுவிட முடியாது என்பதே என் வாதம். மருந்து குடித்தால் தீர்ந்துபோகும், மறுபடி கொடுப்பவர் வாசலுக்கே வரணும். அச்சேறிய புத்தகம் அப்படியல்ல, கொடுத்தவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடு, இல்லையென்றால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல் என்பது அவர்கள் கைக்கொண்ட முறை. 'இரண வைத்தியம்' என்பதில் நாட்டு வைத்தியரின் சொல் இருக்கிறது. 'கெமிஸ்தம்' என்பதில் ஆங்கிலச் சொல் தமிழ் வால் முளைத்து நிற்கிறது. அமெரிக்கப் பாடமும் பரியாரியின் பேச்சும் ஒரே பக்கத்தில் மோதிக்கொண்டன. கொடுத்தவர் போட்ட திட்டத்தைத் தாண்டி அறிவு கசிந்த இடம் இது.

பிறகு என்னாச்சு? 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி வந்தது, ஆங்கிலத்தில். அங்கீகாரமும் சம்பளமும் ஆங்கிலத்தின் பக்கம் போன பிறகு தமிழ் மருத்துவம் இரண்டாந்தரமானது. 1884இல் கிறீன் அமெரிக்காவில் இறந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் மருத்துவமனை நிலைத்தது. அவர் தொடங்கிய தமிழ்வழிப் படிப்பு நிலைக்கவில்லை. நினைவுச் சின்னமாகக் கட்டடத்தைத் தேர்ந்துகொண்டோம், நூலை விட்டுவிட்டோம்.

கடலுக்கு இந்தப் பக்கமும் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. 1946இல் போர் குழு குறுகிய கால லைசென்ஷியேட் படிப்பை நிறுத்தி, நாடு முழுக்க ஒரே வகை மருத்துவர் போதும் என்றது. கிராமங்களுக்கு அவர்கள் வேணும் என்று ஆறு உறுப்பினர்கள் மாறுபட்டார்கள், எடுபடவில்லை. குறைந்த படிப்பாளி கிராமத்துக்கு, நிறைந்த படிப்பாளி பட்டணத்துக்கு என்கிற ஏற்பாடு அநியாயம்தான். ஆனால் அதை ஒழித்த கையோடு கிராமத்துக்கு யார் என்ற கேள்வியையும் சேர்த்து ஒழித்தார்கள். அந்த இடத்தைத்தான் முகாம்களும் இலவச நாள்களும் வந்து நிரப்பின. மறுபடி தர்மம்.

இலவசமா, கட்டணமா என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது போதாது. இன்றைக்கும் நம் நோயாளி கையில் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடுதான் வீடு திரும்புகிறாள். தன் உடம்பைப் பற்றித் தானே படிக்க முடியாத காகிதம். அவளுக்குப் புரிகிற மொழியில் எழுது என்று கேட்பதற்கு யாருடைய கருணையும் தேவையில்லை. மானிப்பாயில் 1864இல் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்பதற்கு மொழியின் போதாமையைக் காரணம் காட்டாதீர்கள். 4,000 பக்கங்கள் சாட்சி.