செயலிவழி ஓட்டுநர் பணியின் மறைசெலவுகள்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

கைபேசிச் செயலியின் வழியாக உணவையோ பொருளையோ பயணியையோ கொண்டுசேர்க்கும் ஓட்டுநரின் அன்றாட வருமானக் கணக்கில் தென்படாமல், பின்னாளில் பட்டறையிலும் மருத்துவமனையிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் வெளிப்படும் செலவுகள் மறைசெலவுகள் எனப்படும். நிறுவனங்கள் இவரை ஊழியராக அல்லாமல் ‘டெலிவரி பார்ட்னர்’ என்றே சேர்த்துக்கொள்வதால் வண்டி, பெட்ரோல், பழுதுபார்ப்பு ஆகியவை அவர் பொறுப்பாகின்றன; கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை மட்டும் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. பங்காளி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு அரிது.

ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற செயலிகள் இயங்கும் தேனி நகரில், மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் நேரு சிலைப் பகுதியை ஒட்டியே உணவகங்கள் மிகுந்துள்ளன. பெருநகரத்தில் ஓர் ஆர்டரை ஒப்படைத்த இடத்துக்கு அருகிலேயே அடுத்தது கிடைக்கக்கூடும். இங்கோ பழனிசெட்டிபட்டியிலோ அரண்மனைப்புதூரிலோ உணவைக் கொடுத்தவர் மீண்டும் கடைத்தெருவுக்கே வரவேண்டியிருக்கும். ‘காலி ஓட்டம்’ எனப்படும் இத்திரும்பு தூரத்துக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றை எதிர்த்து ஓட்டும்போது வண்டியின் மைலேஜும் குறைகிறது.

பெட்ரோல் செலவு அன்றே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதது தேய்மானம், அதாவது ஓட ஓட வண்டி இழக்கும் மதிப்பு. எடுத்துக்காட்டாக, 90,000 ரூபாய்க்கு வாங்கிய இருசக்கர வாகனம் 1,00,000 கிலோமீட்டர் ஓடியபின் 20,000 ரூபாய்க்கு விலைபோகும் எனக் கொண்டால், கிலோமீட்டருக்கு 70 பைசா வீதம் முதல் கரைகிறது. நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாள் ஓட்டுபவருக்கு இது மாதம் 1,820 ரூபாய். வீட்டுத் தேவைக்கு நாளும் 30 கிலோமீட்டர் ஓடினால் ஒன்பது ஆண்டு உழைக்கும் அதே வண்டி, இவரிடம் மூன்றாண்டுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மூன்றாண்டுத் தவணையில் வாங்கியவருக்குக் கடைசி டியூ கட்டி முடிக்கும் வேளையில் அடுத்த வண்டிக்கான கடன் காத்திருக்கிறது. ஏறத்தாழ மாதந்தோறும் வரும் ஆயில் மாற்றம், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, டயர் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

காப்பீட்டில் உள்ள இடைவெளி இன்னும் கடுமையானது. வெள்ளை போர்டு கொண்ட சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கான வழக்கமான பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதையும் சரக்கு ஏற்றுவதையும் விலக்கியே எழுதப்படுகிறது. ஆதலால் உணவுப் பையுடன் விபத்துக்குள்ளாகும்போது வண்டிச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. முதுகுவலி, வெயிலில் காத்திருப்பு, கழிப்பறையின்மை ஆகியவற்றுக்கு எவ்விதக் கணக்கும் இல்லை.

வண்டிக்காரர் தலையில் செலவு விழும் இம்முறை கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, விடியுமுன் ஏற்றிச்சென்று மாலையில் இறக்கிவிடும் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகளில் நெடுங்காலமாக ஓடுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு ஏற்றத்தில் கிளட்ச் பிளேட்டும், இறக்கத்தில் பிரேக்கும் சமவெளியைவிட விரைவில் தேய்கின்றன. அதை ஈடுகட்டக் கூடுதல் ஆளை ஏற்றினால் விபத்து அபாயமும் அபராதமும் கூடுகின்றன. ஆயினும் ஜீப் ஓட்டுநர் தோட்டக்காரரிடம் நேரில் வாடகை பேசலாம். டீசல் விலை ஏறினால் ஏற்றிக் கேட்கலாம். செயலியில் பேரம் பேச எதிரே ஆளில்லை என்பதே இரண்டுக்குமுள்ள முதன்மை வேறுபாடு.

செயலி ஓட்டுநரின் இந்நிலையைச் சட்டத்தால் சரிசெய்யும் முயற்சிகளும் உண்டு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் செயலியின் ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் விடுப்பூதியத்துக்கும் உரியவர்கள் எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வளவு தூரம் செல்லாமல், செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையின் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த ‘கிக்’ தொழிலாளர்களுக்கென, அதாவது செயலிவழிப் பணியாளர்களுக்கென, நலவாரியம் அமைத்து, 2025-26 நிதிநிலை அறிக்கையில் வாரிய உறுப்பினர்கள் 2,000 பேர் மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியத்தையும், ஏறத்தாழ 1.5 லட்சம் பேருக்குக் குழுக் காப்பீட்டையும் அறிவித்தது. மானியம் பெட்ரோல் செலவைக் குறைக்கும். காலி ஓட்டத்தை அது தொடுவதில்லை. எந்தச் செயலியோடும் இணையாத தோட்ட ஜீப் ஓட்டுநர் இவ்வாரியத்தின் வரையறைக்குள் வராமல், அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தனி நலவாரியத்திலேயே பதிவு செய்யவேண்டியவராகிறார்.